மைக் இல்லாத பாட்டு

திரௌபதி அன்று புருஷனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மீன் மட்டும் வைக்கவில்லை.

வீரராகவன் தட்டைப் பார்த்தார். குழம்பை விரலால் துழாவிப் பார்த்தார். கழிமேட்டுக்குப்பத்துக்கே நாட்டார் அவர். ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது, யார் யாரோடு பேசக்கூடாது, எந்தத் தேதியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் ஒரு துண்டு மடவை மீன்கூட அவர் தட்டுக்கு வரவில்லை.

"இன்னாமே, மீனு இல்லியா?"

"கீது. சட்டில கீது."

"தட்டுல காணமே?"

"பெத்த பொண்ண என்ன ஒரு வார்த்த கேக்காம தூக்கிக் குடுத்துட்டு வந்துகீறியே, அந்தக் கைக்கு மீனு வேற வேணுமா?"

வாசல்படியில் உட்கார்ந்து வெந்நீரில் கைவிரல்களை ஊறவைத்துக்கொண்டிருந்த ருக்கு நிமிர்ந்தாள். காலையிலிருந்து ஷெட்டில் ஐஸ் தண்ணிக்குள் கைவிட்டு இறால் உரித்ததில் விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப்போயிருந்தது. பெத்த பொண்ணு என்றால் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

"யாருக்கு நைனா?"

வீரராகவன் ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்கினார். "மாசிலாமணிக்கு."

"பாட்டு பாடற மாசிலாமணிக்கா?"

"ஊர்ல வேற எந்த மாசிலாமணி கீறான்?"

ருக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமாட்டாமல் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மீன் சட்டியின் மேல் மூடியை வைத்து, மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

அவள் ஏன் சிரித்தாள் என்பது தெரிய வேண்டுமானால் மாசிலாமணியையும் அமீர் ஜானையும் தெரிய வேண்டும். அந்த எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியிருந்த குப்பங்களில் அவர்களைத் தெரியாதவர்கள் கிடையாது. 'உப்புக்காற்று மெல்லிசைக் குழு' என்று துணியில் எழுதிக் கட்டிக்கொண்டு எந்தத் திருவிழாவுக்கும் வந்துவிடுவார்கள். குழு என்றால் ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, ஒரு டிரம், நடுவில் இவர்கள் இருவர். மாசிலாமணி கழிமேட்டுக்குப்பத்தான், ஏரியில் இறால் வலை கட்டுகிறவன். அமீர் ஜான் பழவேற்காடு கடைத்தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன்.

அமீர் ஜான் பாடகன் ஆனதற்கு ஊர்க் கட்டுப்பாடுதான் காரணம். பல வருஷங்களுக்கு முன்னால் கங்கையம்மன் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஜோடிப் பாட்டுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் தாம்தூம் என்று குதித்தார்கள். பொம்பளை மேடை ஏறுவதா? நாலு ஆம்பளைங்க முன்னால வாயத் தொறந்து பாடுவதா? அம்மனுக்கு ஆகாது. வலையில் மீன் விழாது. விஷயம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்த அமீர் ஜான் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 'ஹலோ ஹலோ' என்பதற்குப் பதிலாகக் குயில் மாதிரி ஒரு பெண்குரலில் இரண்டு வரி பாடினான். அந்தப் பெண் எங்கே என்று ஊரே திரும்பித் தேடியது. ஒழுக்கமும் கெடாமல் ஜோடிப் பாட்டும் கிடைத்துவிட்டதென்று பெரியவர்கள் பூரித்துப்போனார்கள்.

முதல் வருஷம் இருவரும் ஆளுக்கொரு மைக்கில் விறைத்து நின்று பாடினார்கள். அடுத்த வருஷம் ஒரே மைக். அதற்கடுத்த வருஷம் அமீர் ஜான் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்ப, மாசிலாமணி அவன் மோவாயைத் தொட்டுத் திருப்பினான். தூக்கிப் போட்ட துண்டுகளும் விசிலும் அடங்கவே வெகுநேரமாயிற்று. அதற்கப்புறம் அது இல்லாமல் கச்சேரி கிடையாது. பாட்டின் நடுவில் மாசிலாமணி தன் துண்டால் அமீர் ஜானுடைய நெற்றி வேர்வையைத் துடைப்பான். அவன் இவனுடைய தோளில் தலை சாய்ப்பான். ஊர்க்காரர்கள் குழந்தைகளைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டுவார்கள். எல்லோரையும்விட அதிகம் ரசித்தவர் நாட்டார் வீரராகவன். தன் அங்கவஸ்திரத்தை எடுத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார். கல்யாண வீடுகளில் காலில் விழும் மாப்பிள்ளை பெண்ணை அவர் ஆசீர்வதிக்கிற விதமே தனி. "மாசிலாமணியும் பாயும் மாதிரி ஒத்துமையா இருங்க" என்பார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இறால் ஷெட்டில் இது ஒரு தீராத வழக்கு. மோவாயைத் தொடுவது உசத்தியா, வேர்வை துடைப்பது உசத்தியா? பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து இறால் உரிக்கும் சூசையம்மாள் வேர்வைக் கட்சி.

"என் ஊட்டுக்காரனுக்கு வாக்கப்பட்டு இத்தினி வருஷமாச்சு. ஒரு நாள் என் வேர்வய தொடச்சிருப்பானா? அவன் வேர்வயத்தான் என் பொடவையில தொடப்பான்" என்பாள்.

ருக்கு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன், ஆர்மோனியம் சுதி சேர்க்கிற அந்தக் கொஞ்ச நேரம், மாசிலாமணி அமீர் ஜானைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். ரெடியா என்று கேட்கிற பார்வைதான். அதில் வேறு ஏதோ இருந்தது. குப்பத்தில் எந்த ஆம்பளையும் எந்தப் பொம்பளையையும் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. ஆம்பளைகள் வலையைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், தட்டில் மீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, ஷெட்டில் கை மரத்துப்போகிற நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அது அவளுக்கானதாக இருக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது இந்தப் பேச்சு.

நடந்தது இதுதான். அன்று காலையில் பச்சைமுத்து நண்டு பிடிக்க ஏரிக்கு நடுவே இருக்கிற மணல்திட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே தாழம்புதருக்குப் பின்னால் மாசிலாமணியும் அமீர் ஜானும் பாடிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணியின் மடியில் அமீர் ஜானின் தலை. அதே ஜோடிப் பாட்டு. கூட்டம் இல்லை, விளக்கு இல்லை, மைக் இல்லை. பச்சைமுத்து நண்டுக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டான்.

பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து நடக்கிற இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது. பூவரச மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுக்கலாம். ஷெட்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண்கள் வாய்வழியாக மத்தியானத்துக்குள் முழுக்கதையும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, கடைசித் தீர்ப்பைத் தவிர.

"இன்னா பண்ணானுங்க? சொல்லு" என்று நாட்டார் கேட்டிருக்கிறார்.

"அது... அந்த மாதிரி" என்றான் பச்சைமுத்து.

"எந்த மாதிரி?"

"மேடைல பண்ணுவானுங்களே, அந்த மாதிரி."

"மேடைல பண்ணா நல்லாத்தானடா கீது? போன வருசம் நீதான் பாய் கழுத்துல மால போட்ட?"

"அது வேற நாட்டாரே! அங்க நம்ம பாக்கறோம். யாருமே பாக்காத எடத்துல எதுக்குயா பாடணும்?"

 பஞ்சாயத்துக்கு இது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. மேடையில் பார்க்கும்போது கை தட்டினோம், அது நடிப்பு. நடிப்பு இல்லை என்றால் அப்போது கை தட்டிய நாமெல்லாம் யார்? இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. குற்றத்துக்குப் பெயர் வைக்க முயன்று பார்த்தார்கள். ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை. பெயரில்லாத குற்றத்துக்கும் தண்டனை கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

ஏரியில் இறால் வலை கட்டுகிற இடத்துக்கும் முறைக்கும் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி ஊர் பிரித்துக் கொடுக்கும். கல்யாணம் ஆனவன்தான் ஒரு குடும்பமாகக் கணக்கில் வருவான், குடும்பத்துக்குத்தான் பாடு. மாசிலாமணியின் அப்பா ஏரியோடு போய்விட்டதால் இத்தனை நாள் இரக்கப்பட்டு அவன் அப்பாவுக்குரிய பாடு அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். இனி இரக்கம் இல்லை. திருவிழாவுக்குள் அவன் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட வேண்டும். இல்லையென்றால் பாடு கிடையாது. அமீர் ஜான் ஊருக்குள் காலே வைக்கக்கூடாது.

"திருவிழா கச்சேரி?" என்று யாரோ கேட்டார்.

 சுற்றியிருக்கிற குப்பங்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. தோணிரேவு ஊரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். வெகுநேரம் யோசித்து நாட்டார் தீர்ப்பைத் திருத்தினார். அமீர் ஜான் மேடைக்கு வரலாம், ஊருக்குள் வரக்கூடாது. படகிலிருந்து நேராக மேடை ஏறி, மேடையிலிருந்து நேராகப் படகில் இறங்க வேண்டும். மேடைமேல் நடப்பது எதுவும் குற்றம் ஆகாது. மேடையை விட்டு இறங்கினால் குற்றம்.

நல்ல தீர்ப்பு என்று எல்லோரும் தலையாட்டியபோது பச்சைமுத்து இன்னொரு கேள்வி கேட்டானாம். "அவனுக்கு யாரு நாட்டாரே பொண்ணு குடுப்பா? நீ குடுப்பியா?"

ஊரே வீரராகவனின் முகத்தைப் பார்த்தது. அந்த முகம் பின்வாங்கிப் பழக்கப்பட்ட முகம் இல்லை.

"ஏன் குடுக்க மாட்டேன்?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்பூடும்" என்றார் வீரராகவன், வெறும் குழம்பைப் பிசைந்துகொண்டு.

"அவனுக்கு சரியாவறதுக்கு நான் இன்னா மருந்தா நைனா?" என்றாள் ருக்கு.

"நல்ல பையன். குடிக்கமாட்டான். நீயே அவன் பாட்ட கேட்டு சிரிச்சிகினு கெடப்ப."

"பாட்டு கேக்கறவங்களுக்கெல்லாம் தாலி கட்டணும்னா அவன் உனக்குத்தான் மொதல்ல கட்டணும்."

திரௌபதி முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வீரராகவன் எழுந்து கை கழுவினார். "பஞ்சாயத்துல சொன்ன சொல்லு, பஞ்சாயத்துலதான் மாத்தணும்" என்றார்.

"அப்ப நான் வந்து சொல்றேன்."

"பஞ்சாயத்துல பொம்பள பேசக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. வடக்கே போனால் ஆந்திரா வரும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் ருக்குவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஷெட்டில் சூசையம்மாள் தன் பலகையை ருக்குவின் பக்கம் நெருக்கிப் போட்டாள். பிறகு, "ஒரு விதத்துல யோகம்தான்டி" என்றாள். "அடிக்கமாட்டான். சாராயக் கடை வாசல்ல போயி தூக்கிகினு வரவேணாம். இதுக்கு மேல இன்னாடி வேணும் நம்மளமாதிரி பொண்ணுங்களுக்கு?"

 சூசையம்மாள் சொன்னதில் பொய் இல்லை. ருக்குவுக்கு இருபத்திமூன்று முடிந்துவிட்டது, அவள் வயதுப் பெண்களுக்கெல்லாம் இடுப்பில் பிள்ளை. நாட்டார் வாக்குக் கொடுத்ததை மறுத்த பெண் என்று பேராகிவிட்டால் அப்புறம் யார் வாசல் ஏறி வருவார்கள்? இறால் உரித்துக்கொண்டே கிழவியாகிவிடலாம். அதையும் நினைத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தாள். மாசிலாமணி வீட்டில் அவள் சோறு பொங்குகிறாள். அவன் நல்லவனாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழாயில் பாட்டுக் கேட்கிறது. அவன் கை அப்படியே நிற்கிறது. கச்சேரியில் மணலில் உட்கார்ந்து அந்தப் பார்வையைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையே சொந்த வீட்டுக்குள் காலமெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால்?

"நம்ம நடிப்புன்னுதானக்கா நெனச்சோம்?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"நெசம்னு தெரிஞ்சதும் உனக்கு அசிங்கமா கீதா?"

சூசையம்மாள் ஒரு இறாலை உரித்து முடித்துக் கூடையில் போட்டாள். "நெசம்னு தெரிஞ்சதும் எனக்கு பொறாமையா கீதுடி" என்றாள். "கோயில்ல சாமியாரு கிட்ட இத எப்டி பாவமன்னிப்பு கேக்கறதுன்னுதான் தெரியல."

அன்று ஷெட்டிலிருந்து நேராக ருக்கு ஏரிக்கரைக்குப் போனாள். மாசிலாமணி கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை தடுமாறி ஒரு நண்டு அவன் விரலைக் கவ்வியது. "அம்மா!" என்று கத்தினான். அந்தச் சத்தமும் சுதியோடுதான் வந்தது.

"மாமா" என்றாள். முறைக்கு மாமன்தான். "ஒண்ணு கேக்கணும். நீயும் பாயும்... நெசமாவா?"

அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான். "நீ இன்னா நெனச்சிகினு இருந்த?"

"நடிப்புன்னு."

"மொதல்ல நாங்களும் அப்டித்தான் நெனச்சோம்" என்றான்.

ருக்கு மணலில் உட்கார்ந்தாள்.

"உன்ன நல்லா வெச்சிக்குவேன் ருக்கு" என்றான் அவன், வலையைப் பார்த்துக்கொண்டு. "குடிக்க மாட்டேன். கை நீட்ட மாட்டேன். உங்க நைனா மானத்த வாங்க மாட்டேன்."

"செய்யமாட்டேன்றதையே சொல்றியே மாமா. செய்யறது இன்னா?"

அவன் வலையிலிருந்து இன்னொரு நண்டை எடுக்கப் போனான்.

"சரி, என்ன ஒரு தரம் பாரு."

"பாத்துகினுதான கீறேன்."

"இப்டி இல்ல. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாயப் பாப்பியே, அப்டி."

மாசிலாமணி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். நிஜமாகவே முயற்சி செய்தான். கண்ணைக் கொஞ்சம் பெரிசாக்கினான்; பிறகு சுருக்கினான்; தலையை ஒரு பக்கம் சாய்த்தான். அவன் நெற்றியில் வேர்வை பூத்தது. ருக்கு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நண்டு உசுரோட கீதா செத்துப்பூச்சான்னு பாக்கறாப்ல கீது மாமா" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். தூரத்தில் போன ஒரு தோணிக்காரன் அதைப் பார்த்துவிட்டு, 'சோடி சேந்துடுச்சு' என்று ஊரில் போய்ச் சொன்னான். சிரிப்பு ஓய்ந்த பிறகும் மாசிலாமணியின் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"நீ வேணான்னுட்டா உன்ன தப்பா நெனைக்க மாட்டேன்" என்றான்.

"உன் பாடு போயிடுமே."

"போவும். பாய் கடைல ஒயர் சுத்த வேண்டியதான்."

"அந்த வேல தெரியுமா?"

"கத்துக்கறேன். இதுவரிக்கும் ரெண்டு தடவதான் ஷாக் அடிச்சுது."

"நான் சொன்னா உள்ளதத்தான் சொல்லுவேன் மாமா. உன்னப் பத்தியும்."

அவன் நண்டுக்கூடையின் வாயைக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு, "சொல்லு" என்றான். "பாயும் அத்தத்தான் சொல்றான். மேடைல நெசத்த நடிப்புன்னு காட்டி, ஊட்ல பொய்ய நெசம்னு காட்டி, எனக்கே எது எதுன்னு கொழம்பிப்பூச்சு."

திருவிழா வந்தது. அதுவரை நாட்டார் வீட்டில் நாட்டார் மீன் தின்னவில்லை. அவரும் வாக்கை மாற்றவில்லை, திரௌபதியும் குழவியை எடுக்கவில்லை.

தீர்ப்பின்படி மேடையை ஏரித் தண்ணீரை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். அமீர் ஜான் ஊருக்குள் இறங்கக்கூடாது என்பதால் குழாய்களை ஊர்க்காரர்களே கட்ட வேண்டியதாயிற்று. அவன் மேடையில் நின்றபடியே, "அது இல்ல, செவப்பு ஒயரு! செவப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பாதிக் குழாய்கள் ஏரியைப் பார்த்துக் கட்டப்பட்டுவிட்டன. சாமி பாட்டின் முதல் பாதியை மீன்கள்தான் கேட்டன. அவன் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள மேடை ஓரத்தில் பச்சைமுத்துவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றான். பிறகு மேடை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, "பாய், அந்த வேர்வ தொடக்கிற பாட்டு உண்டுதானே?" என்று மெதுவாகக் கேட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கச்சேரி ஆரம்பமானது. கயிறு கட்டிப் பிரித்திருந்த பெண்கள் பகுதியில் ருக்கு அம்மாவுக்கும் சூசையம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். புதுப்புடவை கட்டிவிட்டிருந்தார்கள். ஆர்மோனியம் சுதி சேர்ந்தது. மாசிலாமணி திரும்பிப் பார்த்தான். அதே பார்வை. இத்தனை நாள் அதை மறைத்திருந்த ஏதோ ஒன்று இன்றைக்கு விலகியிருந்தது. அமீர் ஜான் இன்று வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பவே இல்லை. நேராக அவனைப் பார்த்துப் பாடினான். வேர்வை துடைக்க வேண்டிய இடம் வந்தபோது மாசிலாமணியின் கை துண்டோடு அமீர் ஜானின் நெற்றியில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த அடியை எடுக்க மறந்துபோனான். தபலாக்காரன் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சமாளித்தான்.

ஊரே அதிர்ந்தது. விசிலும் கூச்சலும் ஏரியைத் தாண்டிப் போயிருக்கும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அருமையாக நடித்ததே இல்லை என்றார்கள். விடைபெற்றுக்கொள்கிற இரண்டு பேரைப் பார்த்து ஊரே கை தட்டுகிறது என்பது ருக்குவுக்குத் தெரிந்தது. அது தெரிந்த மாத்திரத்தில் அவளால் கை தட்ட முடியவில்லை.

வீரராகவன் மேடை ஏறினார். பழக்கத்தில் அங்கவஸ்திரத்தை எடுத்து இருவருக்கும் போர்த்தப் போனவர், பஞ்சாயத்து ஞாபகம் வந்து, மாசிலாமணிக்கு மட்டும் போர்த்தினார். மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷ சமாச்சாரம். நம்ம மாசிலாமணிக்கு என் பொண்ணு ருக்குவ நிச்சயம் பண்ணிகீறேன். அதனால யாரும் எதுவும் தப்பா பேசக்கூடாது. இது எல்லாம் சொம்மா. நடிப்பு. அவ்ளோதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். அமீர் ஜானும் தட்டினான். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல, முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒழுங்காகத் தட்டினான்.

அந்தக் கையைப் பார்த்தபோதுதான் ருக்கு எழுந்தாள். எழுந்துவிட்டோம் என்பது கயிற்றைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பின்னாலிருந்து அம்மா புடவையைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தாள். "முந்தானைய பாத்து ஏறு, ஆணி கீது" என்று மட்டும் திரௌபதியின் குரல் கேட்டது.

பொம்பளை மேடை ஏறுகிறாள். பச்சைமுத்து தடுக்கலாமா என்று யோசித்தான். பாய் இறங்குவதைத்தான் தடுக்கச் சொல்லியிருந்தார்கள். பெண் ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டான்.

மைக் அவள் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அமீர் ஜான் சட்டென்று குனிந்து திருகைத் தளர்த்தி இறக்கிக் கொடுத்தான். தன்னுடைய மூச்சு ஊர் முழுக்கக் கேட்பதைக் கேட்டு அவள் மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நாட்டார் பொண்ணு ருக்கு" என்றாள். "மேடைமேல இன்னா பண்ணாலும் குத்தம் இல்லன்னு எங்க நைனாதான் தீர்ப்பு சொன்னாரு. அதனால மேடைல ஏறி சொல்றேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். என்ன யாரும் கேக்கல. மாசிலாமணி மாமா நல்லவரு. ஆனா அவருக்கு சோடி கீது. இதோ இங்கதான் நிக்கிறாரு. இத்தினி வருசமா கை தட்டி, விசிலடிச்சு, மால போட்டு நீங்கதான் சேத்து வெச்சீங்க. இப்ப அத பிரிச்சு எனக்கு ஒண்ணு குடுக்க வேணாம். அவரு வல கட்ற எடத்தையும் புடுங்க வேணாம்."

 முன்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அடுத்த வரிசைக்குப் பரவியது. தோணிரேவுக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "நாட்டாரே, புது அயிட்டம் சூப்பர்! உம்ம பொண்ணு இன்னாமா நடிக்குது!" என்று கத்தினார். கை தட்டல் பொரிந்தது. துண்டுகள் பறந்து வந்து விழுந்தன. இரண்டு பேருக்கும் விழுந்ததைவிட அதிகம் விழுந்தது. வீரராகவன் கூட்டத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், தானும் சிரித்துவிடுவதுதான் நல்லதா என்று யோசிப்பவர்போல வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அங்கே ஒருத்தியும் சிரிக்கவில்லை, ஒருத்தியும் கை தட்டவில்லை. சூசையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்துகொண்டிருந்தார்கள்.

"ஒன்ஸ் மோர்!" என்று பச்சைமுத்து மேடை ஓரத்திலிருந்து கத்தினான். ஆம்பளைகள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

ருக்கு இறங்கவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று நின்றாள். அமீர் ஜான் பின்னால் போய், மைக் செட் பெட்டியின் முன் மண்டியிட்டு, சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் நாட்டார் பொண்ணு ருக்கு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.